மிதக்கும் மேசை ஏன் சுற்றிக்கொண்டு விழுகிறது?

கேள்வி கேட்டவர் மும்பை முலுண்டில் இருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஐஸ் குச்சியும் நூலும் வைத்து, அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும் 'மிதக்கும் மேசை' ஒன்றை இருவருமாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு முறையும் மேல்தட்டு ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு சரிந்துவிட்டதாம். நடு நூலைத் தடிமனாக மாற்றியும் பலன் இல்லை. கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள். எங்கே தவறு என்று கேட்கிறார்.

நடு நூலில் தவறில்லை. சுற்றியுள்ள மூன்று நூல்களில் இழுப்பு போதவில்லை. சுற்றிக்கொண்டு விழுந்தது என்று நீங்கள் எழுதியதே அதற்கு அடையாளம். கூடவே, நடு நூலைத் தாங்கும் கையும், அதாவது தட்டிலிருந்து நீளும் குச்சிச் சட்டமும், லேசாக வளைந்திருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்தால் மேசை நிற்கும். செம்பூரில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மாதிரிகளைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். அநேகமாக எல்லாரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மேசை எப்படி நிற்கிறது என்பது உங்கள் மகளுக்குத் தெளிவாக வேண்டும். நூலுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளவோ தாங்கவோ தெரியாது. கீழ்த்தட்டிலிருந்து ஒரு கை மேலே எழும்பி நிற்கிறது. மேல்தட்டிலிருந்து ஒரு கை கீழே இறங்குகிறது. எழும்பிய கையின் நுனி உயரத்தில், இறங்கிய கையின் நுனி அதற்கும் கீழே. இரண்டையும் இணைப்பதுதான் நடு நூல். அதாவது மேல்தட்டு எதன்மேலும் நிற்கவில்லை, தொங்குகிறது. கிணற்றுக் கயிற்றில் வாளி தொங்குவது போலத்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாளியின் எடை கயிறு கட்டிய இடத்துக்குக் கீழே இருக்கிறது, அதனால் அது தானாக நேராக நிற்கும். நம் மேல்தட்டின் எடையோ நூல் கட்டிய நுனிக்கு மேலே இருக்கிறது. விட்டால் தலைகீழாகப் புரளத்தான் பார்க்கும். அப்படிப் புரளாமல் மூன்று பக்கமும் பிடித்து இழுப்பதுதான் வெளி நூல்களின் வேலை. அவை எடையைத் தாங்குவதே இல்லை. மேல்தட்டைக் கீழ்நோக்கி இழுப்பதால், நடு நூலின் சுமையைக் கூட்டவே செய்கின்றன.

இதைக் கணக்காகப் பாருங்கள். மேல்தட்டும் அதன் கையும் சேர்ந்து 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெளி நூல் ஒவ்வொன்றும் 100 கிராம் எடைக்குச் சமமாகக் கீழே இழுக்கிறது. அப்போது நடு நூலில் இருக்கும் இழுவிசை 60 உடன் 300 சேர்த்து 360. இப்போது மேசையின் நடுவில் 200 கிராம் எடையுள்ள கைபேசியை வைக்கிறோம். நடு நூல் துளி நீள்கிறது, மேல்தட்டு அந்தத் துளி அளவு இறங்குகிறது, வெளி நூல்கள் அதே அளவு தளர்கின்றன. நடு நூல் 3 செ.மீ., வெளி நூல் 15 செ.மீ., எல்லாம் ஒரே நூல் என்றால், நீளம் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் நடு நூல் ஐந்து மடங்கு விறைப்பாக இருக்கும். எனவே 200 கிராமில் 125 நடு நூலுக்குப் போகும். மீதி 75 வெளி நூல் மூன்றிலும் ஆளுக்கு 25 ஆகக் குறையும். 100 இருந்த இடத்தில் 75. இன்னும் முறுக்காகத்தான் இருக்கின்றன, மேசை அசையாது.

தொடக்கத்திலேயே வெளி நூல்கள் 10 கிராம் அளவுக்குத்தான் இழுத்துக்கொண்டிருந்தால்? கைபேசி வைத்த கணமே அவை தொய்ந்துவிடும். தொய்ந்த நூல் இருந்தும் இல்லாதது மாதிரிதான். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. அவ்வளவு மெல்லிய கம்பி ஓர் ஆளின் எடையைக் கீழிருந்து தாங்க முடியாது, வளைந்துவிடும். முன்கூட்டியே எல்லா ஆரங்களையும் இழுத்து முறுக்கி வைத்திருப்பதால், கீழே வரும் ஆரம் தன் இழுப்பில் கொஞ்சம் இழக்கிறதே ஒழிய ஒருபோதும் தள்ள வேண்டிய நிலைக்கு வருவதில்லை. எடை வருவதற்கு முன்பே இழுப்பு இருக்க வேண்டும். இந்த ஒன்றை உங்கள் மகள் தன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டால், கண்காட்சியில் வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் எனக்குப் போதும்.

சுற்றிக்கொள்வதற்கும் இதேதான் காரணம். நடு நூல் சரியாக அச்சில் இருப்பதால் தட்டு சுற்றுவதை அது தடுக்காது. தடுப்பது வெளி நூல்கள் மட்டுமே. அந்தத் தடுப்பு நூலின் இழுப்பு கூடக் கூட வளரும், மையத்திலிருந்து நூல் இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் வளரும். அதாவது மையத்திலிருந்து 2.5 செ.மீ. தள்ளிக் கட்டுவதைவிட 5 செ.மீ. தள்ளிக் கட்டினால் நான்கு மடங்கு பலன். உயரம் கூடினால் பலன் குறையும். மெலிந்து உயர்ந்த மேசை செய்திருந்தீர்கள் என்றால் அதுவும் ஒரு காரணம்.

இனி அளவுகள். கைவினைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஐஸ் குச்சி ஏறக்குறைய 11.4 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். 11 குச்சிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, அதன்மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு ஒட்டினால் சதுரத் தட்டு ஒன்று கிடைக்கும். ஒட்டுப்பலகையில் இழை மாறி மாறி வருவது போல இங்கும் வருவதால் தட்டு கோணாது. இப்படி இரண்டு தட்டு. ஒவ்வொன்றிலும் மையத்தைக் குறித்து, காம்பஸால் 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். காம்பஸை அப்படியே வைத்து வட்டத்தைச் சுற்றி நடத்தினால் ஆறு புள்ளிகள் விழும். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் மூன்று, 120 பாகை இடைவெளியில். அங்கே துளை போடுங்கள்.

இந்த மூன்று புள்ளிகளைக் கவனமாகப் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலரும் சதுரத் தட்டு என்பதால் ஒரு பக்கத்து இரண்டு மூலைகளிலும், எதிர்ப்பக்கத்தின் நடுவிலும் நூல் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டினால் தட்டு சமனாக நிற்க, அந்த ஒற்றை நூல் மற்ற இரண்டின் மொத்த இழுப்பையும் இழுக்க வேண்டும். மூன்றையும் ஒரே அளவு இறுக்கினால் தட்டு சாயும். நான்கு மூலைக்கும் நான்கு நூல் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். நாலு கால் நாற்காலி தரை மேடுபள்ளமாக இருந்தால் ஆடும், முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது. நூலுக்கும் அதே நியாயம். நான்கு கட்டினால் ஒன்று எப்போதும் தொய்ந்துகொண்டே இருக்கும்.

கைதான் இந்த மாதிரியின் கடினமான பகுதி. தட்டின் இடது விளிம்பின் நடுவில் 9 செ.மீ. உயரத் தூண், அதன் உச்சியிலிருந்து மையத்துக்கு நேர் மேலே வரை நீளும் 5 செ.மீ. கை. மேல்தட்டிலும் இதே அமைப்பு, தலைகீழாக, வலது பக்கத்தில். நடு நூல் 3 செ.மீ. என்றால் மொத்த உயரம் 9 உடன் 9 கூட்டி 3 கழித்து 15 செ.மீ. வேறு அளவில் செய்வதானாலும் இந்தக் கணக்குத்தான்.

360 கிராம் இழுப்பு அந்தக் கையின் நுனியில் விழுகிறது. குச்சியைத் தட்டையாக வைத்துச் செய்தால் கை நிச்சயம் வளையும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் தட்டையாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள், வளையும். அதையே திருப்பி விளிம்பு மேலே வரும்படி பிடித்து அழுத்துங்கள், அசையாது. 1 செ.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள குச்சியை விளிம்பாக நிறுத்தினால், தட்டையாக இருப்பதைவிட 25 மடங்கு வளையாமல் நிற்கும். தூணும் கையும் மூன்று மூன்று குச்சி அடுக்காக, விளிம்பு வாட்டத்தில் இருக்கட்டும். அவை சந்திக்கும் மூலையில் தூணின் நடு அடுக்கை மட்டும் நீட்டி, கையின் வெளி அடுக்குகள் இரண்டுக்கும் நடுவில் செருகி ஒட்டுங்கள். இரு கைவிரல்களைக் கோத்தது போல இருக்கும். மூலையின் உட்புறம் சாய்வாக ஒரு சிறு குச்சித்துண்டு வைத்து முக்கோணமாக்கிவிடுங்கள். தூண் தட்டில் உட்காரும் இடத்திலும் இரு பக்கமும் முக்கோணத் துண்டு அவசியம். முக்கோணம் வைக்காத மூலை முதல் நாள் நிற்கும், மூன்றாம் நாள் திறந்துகொள்ளும்.

பசைக்கு ஃபெவிகால் போதும். துணி கிளிப் போட்டு இறுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மும்பை மழைக்காலத்தில் ஒரு முழு நாள் விடுவது நல்லது. க்ளூ கன் பசை சீக்கிரம் பிடிக்கிறது என்று எல்லாரும் அதை எடுக்கிறார்கள். தட்டுக்குச் சரி, கைக்கு வேண்டாம். இழுப்பு தொடர்ந்து இருக்கும் இடத்தில் அந்தப் பசை மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். கை அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் வெளி நூல் மூன்றும் தொய்ந்துவிடும்.

நூல் விஷயத்தில் நான் ஒரு ஜூலை மாதத்தில் பாடம் கற்றேன். பருத்தி நூலில் அழகாகச் சுருதி சேர்த்து வைத்த மேசை, இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. குச்சி, நூல் இரண்டுமே ஈரத்துக்கு மாறுகின்றன. அதன் பிறகு தையல்காரர் வைத்திருக்கும் பாலியெஸ்டர் நூலை நான்கு இழையாக முறுக்கி வைக்கிறேன், அல்லது மீன் பிடிக்கும் பின்னல் நூல் வாங்குகிறேன். அது ஏறக்குறைய நீளவே நீளாது. ஒற்றை இழைத் தங்கூசி வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் அழகாக இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி நீளும், முடிச்சும் வழுக்கும். ஜனவரியில் மொட்டை மாடியில் கிடக்கும் மாஞ்சா நூலைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அதில் கண்ணாடித் தூள் இருக்கும், விரலை அறுத்துவிடும். தொடவே விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்க வேண்டும் என்றால் கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவுக்குப் போகலாம். ஆனால் இந்த மேசைக்குத் தேவையானது உங்கள் பகுதி ஸ்டேஷனரி கடையிலும் தையல் சாமான் கடையிலுமே கிடைத்துவிடும்.

நடு நூலுக்குப் பதிலாக மெல்லிய சங்கிலி ஒன்றைப் போடச் சொல்வேன், பழைய கவரிங் சங்கிலித் துண்டு போதும். பார்ப்பவர்கள் "உள்ளே கம்பி வைத்திருக்கிறாயா?" என்று கேட்பார்கள். சங்கிலியால் எதையும் தாங்கி நிறுத்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அது நேராக விறைத்து நிற்பதைப் பார்த்ததும் விஷயம் பாதி புரிந்துவிடும்.

இப்போது கட்டுவது. கீழ்த்தட்டை வைத்து, மேல்தட்டைப் புத்தகங்களால் 15 செ.மீ. உயரத்தில் தாங்கி நிறுத்துங்கள். நடு நூலை முதலில் கட்டுங்கள். இரண்டு கை நுனிகளும் தட்டு மையங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றனவா என்று, ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டுப் பாருங்கள். நுனி அரை சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் ஒரு பக்க நூல் மற்றவற்றைவிட அதிகமாக இழுக்க வேண்டிவரும். பிறகு வெளி நூல்கள். கீழே முடிச்சுப் போட்டு, மேல் துளை வழியாக வெளியே எடுத்து, துளைக்குள் பல்குத்தும் குச்சியை ஆப்பு மாதிரி செருகுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். ஆப்பைத் தளர்த்தி, நூலை இழுத்து, மறுபடி செருகலாம். வீணைக்குப் பிருடை இருப்பது போல உங்கள் மேசைக்கு இந்த ஆப்பு.

மூன்று நூலிலும் ஒரே அளவு இழுப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தட்டிக் கேளுங்கள். நீளமும் நூலும் ஒன்றாக இருக்கும்போது இழுப்பும் ஒன்றானால் ஒலியும் ஒன்றாகவே இருக்கும். தொய்ந்த நூல் மந்தமாக 'டொப்' என்னும், இறுகிய நூல் கணீரென்று சொல்லும். இழுப்பு நான்கு மடங்கானால் ஒலி சரியாக மேல் ஸ்தாயிக்குப் போகும். சண்முகானந்தா அரங்கில் கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் கல்லையும் கட்டையையும் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் தோல் வார்கள் இழுக்கின்றன, நடுவில் பலாக்கட்டை அமுங்கி நிற்கிறது. எந்தப் பக்கம் தட்டினாலும் மறுபக்கம் மாறும் என்பதால்தான் அவர் ஒரே இடத்தில் நின்று தட்டாமல் வட்டமாகப் போகிறார். நீங்களும் ஒரு நூலை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி இறுக்குங்கள். புத்தகங்களை எடுத்ததும் தட்டு நிற்கும். விரலால் லேசாகத் திருகிப் பாருங்கள். விட்டதும் சட்டென்று திரும்பி வந்தால் இறுக்கம் சரி. சோம்பலாக ஆடி ஆடி வந்தால் இன்னும் ஒரு சுற்று வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஆப்பின்மேல் ஒரு துளி ஃபெவிகால். கண்காட்சிக்கு முந்தின நாள்வரை அதைப் போடாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் முதல் இரண்டு நாளில் முடிச்சுகள் இறுகி நூல் கொஞ்சம் தளரும்.

அட்டையில் என்ன எழுதுவது என்றும் யோசித்திருப்பீர்கள். இந்த வகை அமைப்புக்கு டென்செக்ரிட்டி என்று பெயர். இழுவிசை, ஒருமைப்பாடு என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி, அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் உண்டாக்கிய சொல் இது. பெயர் அவருடையது, ஆனால் 1948-இல் அமெரிக்காவில் பிளாக் மவுண்டன் கல்லூரியில் அவரிடம் படித்த கென்னத் ஸ்னெல்சன் என்ற மாணவர்தான், ஒட்டாமல் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் எக்ஸ் வடிவத் துண்டுகளைச் செய்து காட்டியவர். அதற்கும் முன்பே 1921-இல் மாஸ்கோவில் கார்ல் இயோகன்சன் என்ற லாட்வியக் கலைஞர் குச்சியும் கம்பியுமாக இதை நெருங்கிய வடிவங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். பெரும்பாலான பள்ளி அட்டைகளில் ஃபுல்லர் பெயர் மட்டும் இருக்கிறது. ஸ்னெல்சன் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாணவர் கையால் செய்து கண்டது அது, உங்கள் மகளுக்கு அது தெரிய வேண்டும். 1968-இல் அவர் செய்த ஊசிக் கோபுரம் வாஷிங்டனில் இன்றும் நிற்கிறது. 18 மீட்டர் உயரம், அதில் ஒரு குழாய்கூட இன்னொரு குழாயின்மேல் உட்காரவில்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து குரில்பா பாலம், 2009-இல் திறந்தது, 470 மீட்டர், இதே தத்துவத்தைக் கலந்து கட்டியது.

அதே 2009-இல் திறந்த நம் பாந்திரா–வொர்லி கடற்பாலத்தைக் காட்டி "அதுவும் இதுதானே?" என்று யாராவது கேட்கக்கூடும். இல்லை. அங்கே பாதையைக் கம்பிவடங்கள் தூக்கிப் பிடிக்கின்றன, சரி. ஆனால் அந்தக் கோபுரங்கள் தரையில் ஊன்றி எடையை நேராக இறக்குகின்றன. வடங்களை எடுத்தாலும் கோபுரம் நிற்கும். டென்செக்ரிட்டியில் நூலை எடுத்தால் குச்சிகள் குவியலாகத்தான் கிடக்கும்.

உண்மையைச் சொன்னால், மிதக்கும் மேசையும் கறாரான பொருளில் டென்செக்ரிட்டி இல்லை. கறாரான அமைப்பில் குச்சிகள் அமுக்கத்தை மட்டும் தாங்க வேண்டும், வளையும் விசை வரக்கூடாது. நம் கைகளோ வளையும் விசையைத்தான் தாங்குகின்றன. நடுவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் இதைக் கேட்பார். அதனால் பக்கத்தில் சுத்தமான மாதிரி ஒன்றையும் வைத்துவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் செய்யலாம். ஒரே நீளத்தில் 6 குச்சிகள், நுனிகளில் சிறு வெட்டு. ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு ரப்பர் பேண்டை நுனியிலிருந்து நுனிக்கு நீளவாக்கில் மாட்டுங்கள், குச்சியின் இரு பக்கமும் ஒவ்வொரு இழை ஓடும். இரண்டு இரண்டாக இணையாக, மூன்று திசையில் குச்சிகளை நிறுத்தி, ஒவ்வொரு குச்சியின் நுனியையும் அண்டைக் குச்சியின் ரப்பர் இழை நடுவில் செருகுங்கள். 12 நுனிகள், 12 இழைகள், சரியாகப் பொருந்தும். கடைசி இரண்டு குச்சிக்கு நாலு கை வேண்டும், அப்பாவும் மகளும் சேர்ந்தே செய்யுங்கள். சரியாக வந்தால் இணையான இரண்டு குச்சிகளுக்கு நடுவே இருக்கும் தூரம் குச்சி நீளத்தில் பாதியாக இருக்கும். குச்சிகள் எங்கும் ஒன்றையொன்று தொடாது. தரையில் போட்டால் துள்ளி, பழைய வடிவத்துக்கே திரும்பும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் கிரகங்களில் இறங்கி உருண்டு போகும் ரோபோ ஒன்றை இந்த ஆறு குச்சி வடிவத்தில்தான் செய்து பார்த்தது.

பத்து நாளில் தட்டும் கையும் இரண்டு நாள், காய்வதற்கு ஒரு நாள், நூல் கட்ட ஒரு மாலை. மீதி நாட்களில் தினமும் ஒருமுறை தட்டிக் கேட்டுச் சரிசெய்தால் போதும். பள்ளிக்கு லோக்கல் ரயிலில் கொண்டுபோவதானால், இரண்டு தட்டுக்கும் நடுவே 15 செ.மீ. அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைச் செருகி, மொத்தத்தையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நசுங்கினால் முதலில் போவது கையின் மூலைதான். பையில் ஒரு முழம் நூல், நாலைந்து பல்குத்தும் குச்சி, ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கட்டும். அங்கே போய் மேசையில் வைத்ததும் அட்டைத் துண்டை உருவிவிட்டு, மூன்று நூலையும் உங்கள் மகளே ஒருமுறை தட்டிக் கேட்கட்டும்.